கற்பிக்கக் கற்கும் மருத்துவர்கள்

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக அமர்பவர் தமது துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில் எந்த நாட்டுக்கும் ஐயம் இருந்ததில்லை; ஆனால் அவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்று கேட்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேரூன்றியது. இன்று ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் பாடம் எடுப்பவரும் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேறிய பிறகே வகுப்பறைக்குள் நுழைகிறார். உயிரைக் காக்கும் கல்வியைத் தருபவரோ, நல்ல அறுவை மருத்துவராக இருப்பதனாலேயே நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்ற நம்பிக்கையின் பேரில் மாணவர் முன் நிறுத்தப்பட்டு வந்தார். இந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தி, கற்பித்தலையும் ஒரு தொழிலாக மருத்துவருக்குக் கற்றுக்கொடுக்க எழுந்த அமைப்பே மருத்துவக் கல்வி வளர்ச்சிக்கான வட்டார மையம். பல கல்லூரிகளிலிருந்தும், சில வேளைகளில் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்து, பாடத்திட்டம் வகுத்தல், கற்பிக்கும் முறை, தேர்வு நடத்துதல் ஆகியவற்றில் பழக்கி, அவர்கள் தத்தம் கல்லூரிக்குத் திரும்பிச் சக ஆசிரியர்களையும் பழக்குமாறு செய்வதே அதன் முதன்மையான வேலையாகும்.

மலேசியாவில், மலாக்கா நீரிணையோரம், அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்த கோலா சுங்கை பாருவில் இத்தகைய மையம் எதுவும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் அம்மையங்களின் உழைப்பு பலித்ததா என்று அளந்தறிய அதைவிடப் பொருத்தமான இடம் அரிது. மீனவர் குடியிருப்புகளும், ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்து பின்னர் செம்பனையாக மாறிய தோட்டங்களும், லயத்து வீடுகளை விட்டு மஸ்ஜித் தானா, அலோர் காஜா பக்கம் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் கலந்த வட்டாரம் அது. அங்கே நோயாளியின் முன் வந்து நிற்கும் இளம் மருத்துவர் எதை உண்மையில் கற்றார், எதைத் தேர்வுத்தாளில் மட்டும் காட்டினார் என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். மலாக்காவில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்து, பின்னர் ஆசிரியர்களுக்கே பயிற்சியளிக்கும் பணிக்கு வந்தவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டதும் இதையொட்டியதே: மையத்தின் தரத்தை அதன் பயிற்சிப் பட்டறைக்கு வந்தவர்களிடம் கேட்டு அறிய முடியாது, பட்டறைக்கு ஒருநாளும் அழைக்கப்படாதவர்களிடம் அது எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இம்முயற்சியின் தொடக்கம் அமெரிக்காவில் அமைந்தது. 1950களின் நடுவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்னும் மருத்துவரும் ஸ்டீபன் ஆபிரகாம்சன் என்னும் கல்வியியலாளரும், மருத்துவத் துறையும் கல்வியியல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்ய முடியும் என்று காட்டினார்கள். மில்லர் 1959இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மருத்துவக் கல்விக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் இதையே உலகளாவிய திட்டமாக விரித்தபோது, உலகம் முழுமைக்கும் பொதுவாக இல்லினாய், அதற்கு அடுத்து உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வட்டார ஆசிரியப் பயிற்சி மையம், அதற்கடுத்து நாட்டுக்கொரு தேசிய மையம், முடிவில் கல்லூரிதோறும் ஒரு பிரிவு என்னும் வரிசை வகுக்கப்பட்டது. தென்கிழக்காசிய வட்டாரத்துக்கு இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும், மேற்குப் பசிபிக் வட்டாரத்துக்குச் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய மையங்கள் அமைந்தன. இந்தியாவின் முதல் தேசிய ஆசிரியப் பயிற்சி மையம் 1976இல் புதுச்சேரி ஜிப்மரில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் 1823இல் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் ஜிப்மர் என்பதால், கற்பிக்கும் மரபு அங்கே ஏற்கெனவே நெடியதாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒரு வட்டாரம், மலேசியா வேறொரு வட்டாரம். ஆகவே முறைப்படி பார்த்தால் மலாக்காவில் கற்பிக்கும் மருத்துவருக்குச் சிட்னிதான் பக்கம். பேராதனையும் புதுச்சேரியும் எல்லைக்கு அப்பால் இருந்தன. நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை. மலேசியத் தமிழ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மெட்ராசிலும் மணிப்பாலிலும் பிற இந்தியக் கல்லூரிகளிலும் மருத்துவம் படித்து வந்ததனாலும், இந்திய ஆசிரியர்கள் மலேசியக் கல்லூரிகளுக்குப் பணியேற்று வந்ததனாலும், புதுச்சேரியில் உருவான பழக்கங்கள் வேறு வழிகளில் வங்காள விரிகுடாவைக் கடந்தன. ஜிப்மர் மையத்தில் பல்லாண்டு உழைத்து, அனந்தகிருஷ்ணன், சந்தோஷ் குமார் ஆகியோருடன் சேர்ந்து மருத்துவக் கல்வியின் கொள்கைகளையும் நடைமுறைகளையும் பற்றிய கையேட்டைத் தொகுத்த பேராசிரியர் கே.ஆர். சேதுராமன், பின்னாளில் கெடாவிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத் தலைவராகப் பணியாற்றியது இதற்கு நல்ல சான்று. 2001இல் மலேசிய இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. நிறுவிய எய்ம்ஸ்ட், மலேசிய இந்தியர் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியெழுப்பிய பல்கலைக்கழகம் என்பதால், அத்தொடர்பு தற்செயலாகத் தோன்றினாலும் ஆழமான பொருளுடையது.

மலேசியாவுக்கு உள்ளேயும் தனி மரபு இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் நிறுவனத் தலைவராக 1963இல் பொறுப்பேற்ற டி.ஜே. தனராஜ், பாடத்திட்டத்தையும் போதனா மருத்துவமனையையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு சேர்த்தே திட்டமிட்டவர். முதல் மாணவர்கள் 1964இல் சேர்ந்தார்கள், மருத்துவமனை 1967இல் செயல்படத் தொடங்கியது. பின்னாளில் மலேசிய மருத்துவக் கல்வியின் வளர்ச்சியையும் சிக்கல்களையும் குறித்து அவர் ஒரு நூலே எழுதினார். அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவ நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1979இல் தொடங்கி 1983 முதல் கிளந்தானுக்கு இடம்பெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, பாடங்களைத் துறைவாரியாகப் பிரிக்காமல் நோய்ச்சிக்கல்களைச் சுற்றி அமைத்து, மாணவர்களைக் கிராமக் குடும்பங்களிடம் அனுப்பிப் படிக்கச் செய்தது. மலாக்காவுக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 1997இல்தான். மலாக்கா-மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் முதல் இரண்டரை ஆண்டுகளை இந்தியாவின் மணிப்பாலிலும், நோயாளிகளிடம் கற்கும் அடுத்த இரண்டரை ஆண்டுகளை மலாக்கா புக்கிட் பாருவிலும் கழித்தார்கள். அக்கல்லூரி பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்து இன்று மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி மலேசியா என வழங்குகிறது. ஒரே மாணவரை இரு நாடுகளின் ஆசிரியர்கள் பகிர்ந்து உருவாக்கும்போது, எதை எப்போது எவ்வளவு ஆழமாகக் கற்பிப்பது என்பதில் இரு தரப்பாரும் எழுத்தளவில் உடன்பட்டிருந்தாலொழிய வேலை நடவாது. வட்டார மையங்கள் வற்புறுத்திவந்த ஒழுங்கு முறைகளுக்கு அங்கே நடைமுறைத் தேவையே ஏற்பட்டது.

அம்மையங்களில் கற்பிக்கப்படுவது என்ன என்பதைப் பட்டறையின் உள்ளே சென்று பார்த்தால்தான் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட, ஜே.ஜே. கில்பெர் எழுதிய சுகாதாரப் பணியாளர்க்கான கல்விக் கையேடு நெடுங்காலம் இப்பட்டறைகளின் அடிப்படை நூலாக விளங்கியது. அது சொல்லும் வரிசை எளியது: சமுதாயத்தில் அந்த மருத்துவர் செய்யவேண்டிய வேலைகளை முதலில் பட்டியலிட வேண்டும், அவற்றிலிருந்து கற்றல் நோக்கங்களை, அதாவது பாடம் முடிந்தபின் மாணவரால் என்ன செய்ய இயலும் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யத்தக்க வினைகளாக எழுத வேண்டும், அந்நோக்கங்கள் நிறைவேறினவா என்று அறியும் தேர்வை அடுத்து வகுக்க வேண்டும், கற்பிக்கும் முறையை அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு நேர்மாறாகவே பழகியவர்கள். விரிவுரையை ஆண்டுதோறும் நடத்திவிட்டு, ஆண்டு முடியும் தறுவாயில் பழைய கேள்வித்தாள்களைப் புரட்டித் தேர்வைத் தயாரித்தவர்களுக்கு, தேர்வைப் பற்றிய சிந்தனை முன்னால் வரவேண்டும் என்பது முதல் நாளில் ஏற்க முடியாததாகவே இருக்கும். நோக்கத்தை எழுதச் சொன்னால் 'நீரிழிவைப் பற்றி அறிந்திருத்தல்' என்றுதான் எவரும் தொடங்குவார். 'அறிந்திருத்தல்' என்பதை எப்படிப் பார்த்து உறுதிசெய்வீர்கள் என்று பயிற்றுநர் கேட்ட பிறகு, அது 'நீரிழிவுள்ளவரின் பாதத்தை முறைப்படி பரிசோதித்து, புண் வரும் ஆபத்து எத்தகையது என்று வகைப்படுத்துதல்' என மாறும். பார்ப்பதற்கு இது சொல்மாற்றம் போலத் தெரிந்தாலும், அடுத்த மாதம் அந்த ஆசிரியர் வார்டில் நடத்தும் வகுப்பு வேறாகிவிடும்.

பயிற்சியின் கனமான பகுதி தேர்வுதான். மாணவர் எதைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் வகுப்பில் எவ்வளவு சொன்னாலும், தேர்வில் கேட்கப்படுவதையே மாணவர் படிப்பார். எனவே கல்லூரியை மாற்ற விரும்பும் மையம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் கேள்வித்தாள் என்பது இத்தொழிலில் நீண்ட நாள் இருந்தவர்களின் உறுதியான கருத்து. கேள்வி எழுதும் பட்டறையில் பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தம் துறையின் பழைய பல்விடைக் கேள்விகளைக் கொண்டுவர வேண்டும். அவற்றுள் 'எலிக்காய்ச்சலைப் பற்றிக் கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது' என்னும் வகைக் கேள்விகளே நிறைந்திருக்கும். எலியின் சிறுநீரால் மாசுபட்ட நீரிலும் மண்ணிலும் இருந்து பரவும் எலிக்காய்ச்சல், செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களை எளிதில் தாக்குவது. அதே பொருளில், ஐந்து நாள் காய்ச்சலோடும், அழுத்தினால் தாங்க முடியாத கெண்டைக்கால் வலியோடும், சிவந்த கண்களோடும் வரும் முப்பத்து நான்கு வயதுப் பழம் வெட்டும் தொழிலாளியை விவரித்து, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், மனப்பாடம் செய்தவரும் சிந்திக்கத் தெரிந்தவரும் பிரிந்து நிற்பார்கள். இந்த மாற்றத்தைத் தாமே ஒருமுறை செய்து பார்த்த பேராசிரியர், பழைய வகைக் கேள்விக்குத் திரும்பிச் செல்வது அரிது.

எழுதிய கேள்வி நல்லதா என்பதைத் தேர்வு முடிந்த பின்னும் சோதிக்கலாம் என்பது பலருக்குப் புதிய செய்தி. நூறு மாணவர் எழுதிய தேர்வில் மொத்த மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 27 பேரையும் கீழிருந்து 27 பேரையும் எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு இவ்விரு குழுவிலும் எத்தனை பேர் சரியாக விடையளித்தார்கள் என்று எண்ணுவது அம்முறை. மேல்குழுவில் 21 பேரும் கீழ்க்குழுவில் 8 பேரும் சரியாக எழுதியிருந்தால், 54 பேரில் 29 பேர் சரி என்பதால் கேள்வியின் எளிமைக் குறியீடு ஏறக்குறைய 54 விழுக்காடு. இரு குழுக்களின் வேறுபாடான 13ஐ 27ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.48 என்பது, கேள்வி திறமையுள்ளவரையும் இல்லாதவரையும் எவ்வளவு பிரித்துக் காட்டியது என்று உணர்த்தும் பிரித்தறி குறியீடு. கீழ்க்குழுவில் சரியாக எழுதியவர் மேல்குழுவைவிட அதிகமானால், கேள்வியில் குழப்பம் இருக்க வேண்டும், அல்லது விடைக்குறிப்பே தவறாக இருக்க வேண்டும். தமது கேள்விகளை இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்து, பல்லாண்டுகளாகத் திறமையான மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்து வந்ததை ஓர் ஆசிரியர் முதன்முறையாகக் காணும் நேரம் பட்டறையில் மிகவும் மதிக்கத்தக்கது. அந்நேரத்தில் அவரைப் பிறர் முன் கூச வைக்காமல் காப்பது பயிற்றுநரின் கடமை. கேள்வியைப் பற்றிப் பேசலாம், எழுதியவரைப் பற்றிப் பேசலாகாது என்ற விதி முதல் நாளே எல்லாருக்கும் சொல்லப்படுவது அதற்காகத்தான்.

கற்பிக்கும் திறனைப் பழக்க நுண்கற்பித்தல் என்னும் முறை பயன்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் பள்ளி ஆசிரியர்க்காக உருவான இம்முறையில், பங்கேற்பாளர் ஐந்து அல்லது ஏழு நிமிடம் ஒரு சிறு பாடத்தை நடத்துவார்; அது படமெடுக்கப்பட்டு உடனே அவருக்குக் காட்டப்படும். பின்னர் முதலில் அவரே தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதன்பின் சகாக்கள், கடைசியில் பயிற்றுநர். பால்மரம் சீவப் பழகியவர்களுக்கு இம்முறையில் வியப்பு இருக்காது: பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வடியும், எவ்வளவுக்கு மேல் போனால் மரம் காயப்படும் என்பதை யாரும் சொற்பொழிவில் கற்றதில்லை, அனுபவமுள்ளவர் அருகில் நின்று கையைத் திருத்தியே கற்பித்தார். ஆனால் தோட்டத்தில் இயல்பாக நடந்தது கல்லூரியில் எளிதாக நடப்பதில்லை. மூத்த பேராசிரியரைக் குறித்து இளைய விரிவுரையாளர் வாய் திறந்து கருத்துச் சொல்வது நம்மவர் பண்பாட்டில் மரியாதைக் குறைவாகவே எண்ணப்படும். ஆகவே அனுபவமுள்ள பயிற்றுநர் ஒரே துறையைச் சேர்ந்தவர்களையும், ஒருவர் மற்றொருவரின் பதவி உயர்வு அறிக்கையை எழுதும் நிலையில் உள்ளவர்களையும் ஒரே குழுவில் அமர்த்தமாட்டார். கையேடுகளில் பெரிதாக எழுதப்படாத இத்தகைய ஏற்பாடுகளே பட்டறையின் வெற்றியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கல்லூரிக்குள்ளேயே நடக்கும் பயிற்சியைவிடப் பல கல்லூரியினரும் கூடும் வட்டார மையத்தின் பயிற்சி மேலானதாக அமைவதற்கும் அதுவே காரணம். அறிமுகமற்றவர் முன் தவறு செய்வது எவருக்கும் எளிது.

செய்முறைத் தேர்விலும் இத்தகைய மாற்றமே தேவைப்பட்டது. பழைய முறையில் மாணவர் ஒரு நோயாளியைப் பரிசோதித்து ஒரு தேர்வாளரிடம் பதில் சொல்வார். நோயாளி எளியவரா கடினமானவரா, தேர்வாளர் கனிந்தவரா கடுமையானவரா என்பதிலேயே மாணவரின் விதி அடங்கியிருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் வெளியிட்ட முறையில், மாணவர்கள் மணி ஒலிக்க ஒலிக்க ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்ந்து, எல்லாரும் ஒரே வேலைகளை ஒரே நேர அளவுக்குள் செய்து காட்டுகிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தேர்வாளர் முன்கூட்டியே எழுதப்பட்ட பட்டியலின்படி மதிப்பிடுகிறார். சில நிலையங்களில் பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். மில்லர் 1990இல் வகுத்த படிநிலையின்படி, அறிதல், எவ்வாறு செய்வது என்று அறிதல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல் என்னும் நான்கு படிகளில் மூன்றாவதை இத்தேர்வு அளக்கிறது.

மலாக்காவில் அப்படியொரு நிலையத்தை அமைப்பவர், நோயாளியின் கதையை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்க் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பதினெட்டு வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஏறத்தாழ ஒருவர் என்னும் இக்கணக்கு கோலா சுங்கை பாரு வட்டாரத்துக் குடும்பங்களில் எவரையும் வியக்கச் செய்யாது. இனிப்பு நீர் இல்லாத வீடு எது என்றே அங்கே கேட்பார்கள். ஆகவே நிலையத்தில் அமர்பவர், தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அறுபது வயது அம்மாவாகவும், 'காலு மதமதன்னு இருக்குது ஐயா, செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியல' என்று சொல்பவராகவும் இருப்பது பொருத்தம். மாணவர் 'அம்மா' என்று அழைத்து, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டாரா, செருப்பைக் கழற்றச் சொல்லி இரு பாதங்களையும் விரலிடுக்குகள் உட்படப் பார்த்தாரா, பத்து கிராம் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதித்தாரா, வீட்டில் வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் பற்றிக் கேட்டாரா என்று பட்டியல் அமையும். மருந்தின் பெயரையும் அளவையும் சரியாகச் சொல்லிவிட்டு பாதத்தைப் பார்க்காமலே எழுந்துவிடும் மாணவர் அந்நிலையத்தில் தேறமாட்டார். தேறாதவர்களின் செய்தி மறுநாளே விடுதி முழுவதும் பரவி, அடுத்த அணியினர் வார்டில் பாதங்களைப் பார்க்கத் தொடங்குவார்கள். தேர்வின் வழியாக நோயாளிக்கு நன்மை போய்ச் சேரும் பாதை இதுதான். இதைவிடக் குறுகிய பாதையை இத்தொழிலில் எவரும் கண்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் பட்டறை மண்டபத்துக்கு உள்ளே நடப்பவை. பயிற்சி பெற்று ஊக்கத்தோடு திரும்பும் ஆசிரியர், 'இத்தனை நாள் நடந்தது சரியாகத்தானே நடந்தது' என்னும் ஒரே வாக்கியத்தால் தமது துறையில் நிறுத்தப்படுவது எல்லா நாட்டிலும் நிகழ்ந்திருக்கிறது. இந்தியாவில் இதற்குச் சட்ட வழியிலான மறுமொழி வந்தது. 1997ஆம் ஆண்டின் இளநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளின் வழியே கல்லூரிதோறும் மருத்துவக் கல்விப் பிரிவு வேண்டுமென இந்திய மருத்துவ மன்றம் வலியுறுத்தியது. 2009 முதல் ஜிப்மர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்றவற்றை வட்டார மையங்களாக்கி, அவற்றின் மேற்பார்வையில் எல்லா ஆசிரியர்க்கும் அடிப்படைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் ஆட்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் சான்றிதழுக்காக மட்டும் வந்து போனவர்களையும் அதுவே பெருக்கியது.

மற்றொரு வழியைக் கோயம்புத்தூர் காட்டியது. பிலடெல்ஃபியாவில் 2000இல் நிறுவப்பட்ட ஃபைமர் அறக்கட்டளையின் துணையோடு, பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007இல் பேராசிரியர் தாமஸ் சாக்கோவின் தலைமையில் தொடங்கிய வட்டார நிறுவனம், இரண்டாண்டு காலப் பகுதிநேரப் பயிற்சியை நடத்துகிறது. அதில் சேருபவர் தம் கல்லூரியில் தாமே செய்து முடிக்கவேண்டிய ஒரு மாற்றத் திட்டத்தோடு வர வேண்டும். கூடிப் பயிலும் நாட்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் ஊரிலிருந்தபடியே சக பயிற்சியாளர்களோடு தொடர்பில் இருந்து, அத்திட்டத்தை நடத்தி, முடிவை எழுதி வைக்க வேண்டும். துறைத்தலைவரின் தயக்கத்தைக் கடப்பது எப்படி, யாரிடம் முதலில் பேசுவது, எவ்வளவு சிறிதாகத் தொடங்குவது என்பனவும் அங்கே பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. மூன்று நாள் பட்டறை தரும் அறிவுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. திரும்பிச் சென்ற பின் தனித்து விடப்படாமையே அவ்வேறுபாடு. வட்டார மையம் என்பதன் சிறப்பு அதன் கட்டடத்தில் அல்லாமல் இத்தொடர்பில் இருப்பதாகக் கருதுவோர், ஃபைமர் வழியையே மேலானதென மதிப்பது நியாயமானது.

ஆயினும் மேற்சொன்ன ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: அவை கல்லூரிப் பேராசிரியர்களையே ஆசிரியர்கள் என்று கருதின. மருத்துவ மாணவர் கல்லூரியை விட்டு வெளியே வந்து கற்கும் இடங்களில் கற்பிப்பவர் யார் என்று பார்க்கும்போது அக்குறை வெளிப்படுகிறது. மலேசியாவின் கிராமப்புறச் சுகாதார அமைப்பு 1950களில் மூன்று அடுக்குகளாக வகுக்கப்பட்டது: ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு முதன்மை நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக். 1970களில் அது இரண்டு அடுக்குகளாகச் சுருங்கி, இன்று கிளினிக் கெசிஹாத்தான், கிளினிக் டேசா என்று மக்கள் வாயில் வழங்குகிறது. தோட்டங்களில் அதற்கு முன்பே வேறொரு அமைப்பு இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசர் எனப்பட்ட அதன் மருத்துவ உதவியாளரும் லயத்து மக்களுக்கு முதலும் பல வேளைகளில் முடிவுமான மருத்துவமாக விளங்கின. மருத்துவமனைகளில் கையாளாக நின்று பார்த்துப் பழகி வந்த டிரெசர்களுக்கு 1965இல் தனிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் வெளியேறியும் அந்த ஆஸ்பத்திரிகள் மூடப்பட, அங்கே வந்தவர்கள் அரசு கிளினிக்குகளை நாடினார்கள்.

இன்று அக்கிளினிக்குகளில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது எப்படி, இன்சுலின் ஊசியை நோயாளியே போட்டுக்கொள்ளப் பழக்குவது எப்படி, தடுப்பூசி அட்டையை வாசிப்பது எப்படி என்று மருத்துவ மாணவருக்கு உண்மையில் காட்டிக் கொடுப்பவர்கள் மருத்துவ அதிகாரிகளும் உதவி மருத்துவ அதிகாரிகளும் சமுதாயத் தாதியரும் ஆவர். மாணவரின் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் பெரும்பாலும் அவர்களே. எப்படிப் பார்த்தாலும் அவர்கள் ஆசிரியர்கள்தாம். ஆனால் கேள்வி எழுதவோ பின்னூட்டம் தரவோ அவர்களுக்கு எந்த மையமும் முறையாகக் கற்றுக்கொடுத்ததில்லை என்பதே பெரும்பாலான இடங்களின் நிலை. வரிசையில் நிற்கும் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே மாணவருக்கும் நேரம் ஒதுக்கும் அவர்களது பொறுமை பெரிது. அப்பொறுமைக்கு ஏற்ற கருவியைக் கையில் கொடுக்காமல் இருப்பது மருத்துவக் கல்வித் துறையின் தீராத கடன்.

அத்தகைய கருவி இல்லாமலும் இல்லை. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் 1992இல் எழுதிவைத்த, ஒரு நிமிட ஆசிரியர் என்று அறியப்படும் ஐந்து படி முறை, நெருக்கடியான கிளினிக்குக்கென்றே அமைந்தது. மாணவர் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும், 'என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய்?' என்று கேட்டு அவரை ஒரு முடிவுக்கு வரச்செய்வது முதற்படி. 'எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்று காரணம் கேட்பது இரண்டாவது; இந்த ஒரு நோயாளியைக் கடந்து எங்கும் பயன்படும் ஒரு பொது விதியைச் சொல்லிக் கொடுப்பது மூன்றாவது; சரியாகச் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சுட்டிப் பாராட்டுவது நான்காவது; தவறு ஒன்றைத் திருத்துவது ஐந்தாவது. முதலிரண்டு படிகளுக்கு முன்னரே விடையைச் சொல்லிவிடுவதுதான் இதைப் பழகுவோர் எல்லாரும் தொடக்கத்தில் இடறும் இடம். விடை தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருப்பது பழகிப் பழகியே வரவேண்டிய திறமை. இதைக் கற்றுக்கொள்ளப் பல நாட்கள் வேண்டியதில்லை. அரைநாள் போதும், ஆனால் அந்த அரைநாள் கல்லூரி மண்டபத்தில் நடக்கக்கூடாது. பயிற்றுநர் கிளினிக்குக்கு வர வேண்டும்; நடிப்பு நோயாளியாக அவ்வூர்ப் பெண்மணி ஒருவரும், மாணவராக உண்மையான மாணவரும் அமர வேண்டும்; பயிற்சி மலாயிலும் தமிழிலும் நடந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் கழித்து அதே பயிற்றுநர் மீண்டும் வந்து, பதிவேட்டில் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி பின்னூட்டமாவது எழுதப்படுகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்கள் இதற்குச் சொல்லும் தடை பெரும்பாலும் செலவைப் பற்றியதாகவே இருக்கும். கிளினிக்கில் பணிபுரிபவர்கள் சொல்லும் தடையோ நேரத்தைப் பற்றியது, அதுவே உண்மையானது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு முன்பதிவு வைத்திருக்கும் நாட்களில் காலை முழுவதும் கூட்டம் நெரியும், யாராலும் நாற்காலியை விட்டு எழ முடியாது. அந்நாட்கள் எவை என்று முன்கூட்டியே மிஸ்ஸி என்று அழைக்கப்படும் தாதியிடம் கேட்டறிந்து, அவற்றைத் தவிர்த்து ஒரு பிற்பகலைப் பயிற்றுநர் தேர்ந்தெடுத்தால், மருத்துவ அதிகாரியும் உதவி மருத்துவ அதிகாரியும் தாதியும் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி ஒருசேர உட்கார முடியும்.